மூன்று அடுப்புக்கு ஒரு கடை

மலேசியாவின் வடசிலாங்கூரில் கெர்லிங்கைத் தாண்டி வடக்கே போனால், தஞ்சோங் மாலிமுக்கு முன்னால் வருகிற சிற்றூர் கலும்பாங். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஈப்போவுக்கு விரைகிறவர்களுக்கு இப்படி ஓர் ஊர் இருப்பது தெரிய வாய்ப்பில்லை. பழைய முதலாம் எண் சாலையில் போகிறவர்கள் கண்ணில்தான் அது படும். கொமியூட்டர் ரயில் நின்று போகும் நிலையம், கொஞ்சம் கடைவீடுகள், சுற்றிலும் செம்பனை. பிரான்சின் கார்ஃபூரும் பிரிட்டனின் டெஸ்கோவும் மலேசியாவில் பணத்தைக் கொட்டிப் பேரங்காடிகள் கட்டிய காலத்திலும் இந்த ஊரில் கடை விரிக்கவில்லை.

ஆனாலும், அந்நிய நாட்டுக் கடைகள் இந்த நாட்டில் எங்கே இடறின, எங்கே நிலைத்தன என்று பார்க்க வேண்டுமானால், கலும்பாங் போன்ற தோட்டத்துப் பட்டணங்களின் மளிகைக் கடையிலிருந்து தொடங்குவதுதான் சரி. அந்தக் கடைக்காரர்களும் ஒரு காலத்தில் அந்நியர்களே. சீனத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் கப்பலேறி வந்து, தங்களுக்குப் பழக்கமில்லாத மனிதர்களுக்குச் சாமான் விற்றுப் பிழைத்தவர்கள்.

அவர்களுடைய மேசையில் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். அட்டையில் பெரிய எழுத்தில் 555 என்று போட்டிருக்கும். குடும்பத்துக்கு ஒன்று. அரிசி, சீனி, நெத்திலி, பால் டின், பிள்ளைக்குப் பென்சில் என்று தேதி போட்டு எழுதி, சம்பளம் போட்ட அன்று கூட்டிப் பார்ப்பார்கள். தீராத மிச்சம் அடுத்த பக்கத்துக்குப் போகும். பால்மரக் காலத்தில் மழை விடாமல் பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் சம்பளம் குறையும். அது கடைக்காரருக்கும் தெரியும். எந்த வீட்டில் கல்யாணம் வருகிறது, யார் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு விரதத்தில் இருக்கிறார், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் எதில் குடிகாரர் அதிகம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தவுக்கே எனப்படும் சீன முதலாளி மணிமணியாகத் தமிழ் பேசுவார். வடசிலாங்கூரிலும் கோலசிலாங்கூர் தோட்டப்புறங்களிலும் வளர்ந்தவர்களுக்கு இது வியப்பே இல்லை. தமிழ் தெரியாமல் அங்கே கடை நடத்த முடியாது என்பதுதான் நடைமுறை.

கடைக்கு வர முடியாதவர்களைத் தேடிக் கடையே போனது. மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி, இரு பக்கமும் ரொட்டியும் மிக்சர் பொட்டலங்களும் தொங்க, ஹார்ன் அடித்துக்கொண்டு லயத்துக்குள் நுழையும் ரொட்டி பாயை மறந்த தோட்டத்துப் பிள்ளை யாரும் இருக்க முடியாது.

இதை இனிமையான பழங்கதையாக மட்டும் சொல்லிவிடக் கூடாது. 555 புத்தகம் குடும்பத்தைக் கட்டியும் போட்டது. கடன் இருக்கும் வரை வேறு கடைக்குப் போக முடியாது, விலையைக் கேட்டுப் பேரம் பேசவும் வாய் வராது. எழுதப் படிக்கத் தெரியாத வீட்டில் கூட்டல் சரியா என்று யார் பார்ப்பது? அதனால்தான் ரவாங்கில் ஜப்பானின் ஏயோன் பேரங்காடி வந்தபோது, விலை ஒட்டிய பொருளைத் தானே கையில் எடுத்துப் பார்த்து வாங்குவது பலருக்குச் சுதந்திரமாகவே பட்டது. அந்நியக் கடையை மக்கள் விரும்பவில்லை என்று எழுதினால் அது பொய்.

மலேசியாவுக்குப் பெரிய அளவில் முதலில் வந்தவர்கள் ஜப்பானியர்கள். மகாதீர் பிரதமராக இருந்து கிழக்கை நோக்கச் சொன்ன காலம் அது. நாட்டின் சில்லறை வணிகத்தை நவீனமாக்க உதவுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டதன் பேரில் ஜஸ்கோ நிறுவனம் 1984இல் இங்கே பதிவானது. மறு ஆண்டு கோலாலம்பூர் டாயாபூமியில் முதல் கடையைத் திறந்தது. அதுதான் இன்றைய ஏயோன். கார்ஃபூர் 1994இல் சுபாங் ஜெயாவில் நாட்டின் முதல் மாபெரும் பேரங்காடியைத் திறந்தது. டெஸ்கோ, சைம் டார்பியைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு, 2002இல் பூச்சோங்கில் இறங்கியது.

இன்று கார்ஃபூர் இல்லை. அதன் 26 கடைகளையும் 2012இல் ஏயோனே வாங்கிவிட்டது. டெஸ்கோவும் இல்லை. 2020இல் தாய்லாந்தின் சி.பி. குழுமம், தாய்லாந்து, மலேசியா இரண்டிலும் இருந்த டெஸ்கோ கடைகளை 1,060 கோடி டாலருக்குப் பேசி முடித்தது. பெயர்ப்பலகை லோட்டஸ் என்று மாறியது.

எல்லாப் பழியையும் கலாசாரத்தின் தலையில் கட்ட முடியாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கார்ஃபூர் விற்றதற்கு ஐரோப்பாவில் அதற்கிருந்த கடன் சுமை முக்கியக் காரணம். டெஸ்கோ, சொந்த ஊர் வியாபாரத்தில் கவனம் செலுத்தப் போவதாகச் சொல்லி வெளியேறியது. இன்னொரு ஜப்பானியக் கடையான யாவோஹான் 1997இல் திவாலானது, அளவுக்கு மீறி அகலக் கால் வைத்ததால். வாடிக்கையாளரின் வழக்கத்தைப் புரிந்துகொள்ளாததால் கடை மூடப்பட்டது என்று ஒற்றை வரியில் எழுதுவது எளிது. பெரும்பாலும் அது பாதி உண்மைதான். மற்றப் பாதி வட்டியிலும் வாடகையிலும் இருக்கும்.

ஆனால் அந்தப் பாதி உண்மையின் கனம் மலேசியாவில் கொஞ்சம் கூடுதல். இங்கே ஒரு பேரங்காடி, ஒரே கூரையின் கீழ் மூன்று அடுப்புகளுக்குச் சாமான் விற்க வேண்டும். மலாய்க்காரர் வீட்டில் ஹலால் தவிர எதுவும் நுழையாது. சீனர் வீட்டில் பன்றி இறைச்சி இல்லாமல் பெருநாள் இல்லை. இந்துத் தமிழர் வீடு பலவற்றில் மாட்டிறைச்சிக்கு இடமில்லை, வெள்ளிக்கிழமையும் விரத நாளும் சைவம். ஐரோப்பாவில் ஒரு இறைச்சிப் பகுதி போதும். இங்கே ஒரு குளிர்பெட்டியை எங்கே வைப்பது என்பதே கொள்கை முடிவு.

எந்தப் பெரிய பேரங்காடிக்குப் போனாலும் அதன் வரைபடத்தைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு மூலையில் தடுப்புக் கட்டி, ஹலால் அல்லாதவை என்று மலாயில் பலகை மாட்டிய தனியறை. உள்ளே பன்றி இறைச்சி, டின்னில் அடைத்த வகைகள், சில இடங்களில் மதுவும். அதற்கென்று தனிக் காசாளர். வாங்கியதை அங்கேயே காசு கொடுத்துப் பையில் கட்டிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். பொதுக் கல்லாவில் வைக்க முடியாது, அங்கே உட்கார்ந்திருக்கும் பெண் முஸ்லிமாக இருக்கலாம். பாரிஸிலோ லண்டனிலோ கடை வடிவமைக்கிறவருக்கு, பொருள் என்பது அடுக்கில் இருக்கும் வரைதான் பிரச்சினை. இங்கே அது யார் கை வழியாகப் போகிறது என்பதும் பிரச்சினை.

இதே கடையில் மாட்டிறைச்சிக்கு என்ன ஏற்பாடு? ஒன்றுமில்லை. அது ஹலால், ஆகவே கோழிக்கும் ஆட்டுக்கும் பக்கத்திலேயே, பொதுக் குளிர்பெட்டியில் கிடக்கும். மாடு சாப்பிடாத இந்து வீட்டுக்காரர் அதைத் தாண்டி ஆட்டிறைச்சியை எடுத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். யாரும் மனுக் கொடுத்ததாகவோ தனியறை கேட்டதாகவோ தெரியவில்லை. கூட்டம் பெரிதாக இருக்கிறவர்களின் கூச்சத்துக்குச் சுவர் எழும்புகிறது, சிறிதாக இருக்கிறவர்கள் தாங்களே ஒதுங்கி நடக்கப் பழகிக்கொள்கிறார்கள். சந்தை ஆய்வு அறிக்கைகளில் இந்த ஒதுங்கல் பதிவாகாது. ஆனால் தோட்டத்துப் பட்டணத்துச் சீனக் கடைக்காரருக்கு, எந்த வீட்டு அம்மாவிடம் எதைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது என்பது தெரிந்திருந்தது.

அடுக்கில் எதை வைப்பது என்பதில் அரசாங்கத்துக்கும் சொல் உண்டு. வெளிநாட்டு முதலீட்டில் நடக்கும் பேரங்காடிகள் 30 விழுக்காட்டுப் பங்கைப் பூமிபுத்ராக்கள் எனப்படும் மலாய்க்காரர்களுக்கும் மற்றப் பூர்வகுடியினருக்கும் ஒதுக்க வேண்டும், அடுக்குகளிலும் 30 விழுக்காட்டைப் பூமிபுத்ரா சிறுதொழில் நிறுவனங்களின் பொருள்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது உள்நாட்டு வாணிப அமைச்சின் வழிகாட்டி விதி. டெஸ்கோ சைம் டார்பிக்கு 30 விழுக்காடு கொடுத்துக்கொண்டு நுழைந்தது இதனால்தான். அந்நியர்களுக்கு இது சுமையாகப் பட்டிருக்கும். ஆனால் அதில் ஒரு பயனும் இருந்தது: உள்ளூர் சாம்பாலும் கெரோப்போக்கும் எந்த ருசியில் விற்கும் என்பதைத் தலைமையகத்தைக் கேட்காமலே தெரிந்துகொள்ளும் வழி அது.

உணவில் இடறினால் திருத்திக்கொள்ளலாம். ஆண்டி ஆன்ஸ் என்ற அமெரிக்க ரொட்டிக் கடை 2016இல் ஹலால் சான்றிதழ் கேட்டபோது, நாய் என்று பெயரில் வருகிற தின்பண்டத்தின் பெயரை மாற்றச் சொன்னது அந்தச் சான்றிதழை வழங்கும் அரசுத் துறையான ஜாக்கிம். கொஞ்ச நாள் நாடே சிரித்தது, பிறகு மறந்தது. அவமானப்படுத்திவிட்டதாக வாடிக்கையாளர் நினைத்துவிட்டால் அதை அவ்வளவு சுலபமாக மறப்பதில்லை.

2017 நோன்புப் பெருநாளுக்கு ஹாங்காங்கைச் சேர்ந்த வாட்சன்ஸ் கடை ஒரு நீண்ட விளம்பரப் படம் வெளியிட்டது. டாயாங் செனாண்டோங் என்ற பழைய மலாய்க் கதை. இனிய குரல், ஆனால் முகமோ கறுப்பு. தலைவன் பார்த்துத் திடுக்கிடுகிறான். அவள் முகத்தைக் கழுவியதும் வெள்ளை வெளேரென்று ஆகிறாள், கதை சுபம். நடிகையின் முகத்தில் கரிய மை பூசி எடுத்திருந்தார்கள். சமூக ஊடகங்களில் எதிர்ப்பு கொதித்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டுப் படத்தை விலக்கிக்கொண்டது.

இதில் கவனிக்க வேண்டியது, கதை உள்ளூர்க் கதை என்பது. அந்த ஊர் வழக்கத்தைத் தேடிப் பிடித்து, பெருநாளுக்கு ஏற்ற மரபான கதையை எடுத்து, உள்ளூர் நடிகர்களை வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். உள்ளூர்மயமாக்கு என்று வணிகப் பாடநூல் சொல்வதை எழுத்துக்கு எழுத்து செய்தார்கள். அதே நாட்டில், அதே கடையில் முகப்பூச்சு வாங்குகிற கறுத்த பெண்கள் இருக்கிறார்கள் என்பது மட்டும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்குத் தோன்றவில்லை. கறுப்பென்று பள்ளியிலும் பேருந்திலும் கேலி கேட்டு வளர்ந்த தோட்டத்துப் பெண் ஒருத்தி அந்த மேசையில் இருந்திருந்தால், படம் தாளை விட்டே நகர்ந்திருக்காது.

உள்ளூர்க் கடையாக இருந்தால் தப்பித்துவிடலாம் என்றும் இல்லை. 2024 மார்ச்சில், பண்டார் சன்வேயில் உள்ள கே.கே. மார்ட் கடையில் இறைவனின் பெயர் பொறித்த காலுறைகள் கண்டெடுக்கப்பட்டன. சரக்கு சீனாவிலிருந்து ஒரு விநியோகிப்பாளர் வழியாக வந்தது. வடக்கே பீடோரில் உள்ள கிளை மீது பெட்ரோல் குண்டு விழுந்தது. குவாந்தானிலும் கூச்சிங்கிலும் அப்படியே. ஜூலையில் நீதிமன்றம் நிறுவனத்துக்கு 60,000 வெள்ளி அபராதம் விதித்தது. முதலாளி மலேசியர், வாடிக்கையாளர்கள் மலேசியர்கள். ஆனால் பெட்டியில் என்ன வருகிறது என்று பிரித்துப் பார்க்க ஆளில்லாத அளவுக்குச் சங்கிலி நீண்டிருந்தது. 555 புத்தகக் கடைக்காரர் ஒவ்வொரு டஜனையும் தன் கையால் எண்ணி அடுக்கியவர்.

காஸா போர் தொடங்கிய 2023 அக்டோபருக்குப் பிறகு அமெரிக்கப் பெயர் தாங்கிய கடைகள் மீது வந்த புறக்கணிப்பு வேறு வகை. ஸ்டார்பக்ஸின் மலேசிய உரிமம் பெர்ஜயா குழுமத்திடம் இருக்கிறது. கடைகளில் வேலை செய்பவர்களில் 80 முதல் 85 விழுக்காட்டினர் முஸ்லிம்களே, இதை நடத்துவது மலேசியர்களே என்று அதன் நிறுவனர் வின்சென்ட் டான் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. 2024 ஏப்ரலில் கே.எப்.சி.யும் நூற்றுக்கும் மேற்பட்ட கிளைகளைத் தற்காலிகமாக மூடியது. பொருளாதார நிலைமை சரியில்லை என்பது நிறுவனம் சொன்ன காரணம். இந்த இடைவெளியில், 2019இல் தொடங்கிய ஸுஸ் காபி என்ற உள்ளூர்க் கடை, கிளைகளின் எண்ணிக்கையில் ஸ்டார்பக்ஸை முந்திக்கொண்டது. இங்கே ஸ்டார்பக்ஸ் காபியில் குற்றமில்லை, பணிவில் குறையில்லை. பெயர்ப்பலகை எந்த ஊரிலிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது புதிதல்ல. 2017 சல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூடு ஆறுவதற்குள், மார்ச் 1 முதல் பெப்சியும் கோக்கும் விற்க மாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. குளிர்பானத்துக்கும் காளைக்கும் என்ன சம்பந்தம் என்று அமெரிக்காவில் எந்த மேலாளர் கேட்டிருந்தாலும் நியாயம்தான். ஆனால் மெரினாவில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு அந்தச் சம்பந்தம் புரிந்தது. அதற்கு ஐந்தாண்டுக்கு முன், பல பொருள் விற்கும் சில்லறைக் கடைகளில் அந்நிய முதலீட்டை மத்திய அரசு அனுமதித்தபோது, தமிழ்நாட்டில் இடமில்லை என்று முதல்வர் ஜெயலலிதா மறுத்ததும் அதே மண்ணில்தான். பெங்களூரில் 1995இல் திறந்த கே.எப்.சி. கடையை, அடுத்த ஆண்டே நஞ்சுண்டசாமியின் விவசாயிகள் சங்கத்தினர் அடித்து நொறுக்கினார்கள்.

பார்த்துப் பாடம் படித்தவர்களும் உண்டு. மெக்டொனால்ட்ஸ் 1996இல் தில்லிக்கு வந்தபோதே மாட்டிறைச்சி இல்லாமல் வந்தது. மாட்டிறைச்சி பர்கரால் உலகப் பெயர் வாங்கிய நிறுவனம் அது. சுவீடனின் ஐக்கியா 2018இல் ஹைதராபாத்தில் கடை திறந்தபோது உணவகத்தில் பிரியாணியும் சமோசாவும் வைத்தது, மெத்தையில் தென்னை நார் சேர்த்தது. அதைவிட முக்கியமானது, வாடிக்கையாளரே திருகாணி முடுக்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற தன் பிறவிக் கொள்கையை அது விட்டுக்கொடுத்தது. கட்டிலைப் பூட்டித் தர ஆள் அனுப்ப ஒரு சேவை நிறுவனத்தோடு கைகோத்தது. தச்சர் வந்து வேலை செய்வதுதான் இங்கே நாகரிகம், அது சோம்பல் அல்ல என்பதை யாரோ எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

அப்படிச் சொல்ல ஆள் இல்லாததன் விலையை வால்மார்ட் ஜெர்மனியில் கொடுத்தது. 1997இல் போய், 2006இல் 85 கடைகளை மெட்ரோவிடம் விற்றுவிட்டு வந்தது. வாசலில் சிரித்த முகத்தோடு வரவேற்க ஆள் நிறுத்தினார்கள், ஜெர்மானியர் நெளிந்தார்கள். ஊழியர்கள் தங்களுக்குள் காதலிக்கக் கூடாது என்று நடத்தை விதி போட்டார்கள், டுசெல்டோர்ஃப் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. பணக்கார வெள்ளைக்கார நாட்டுக்குள் இன்னொரு பணக்கார வெள்ளைக்கார நாட்டுக் கடை போய்ப் பட்ட பாடு இது. ஆசியாவின் விநோதப் பழக்கங்கள்தான் சிக்கல் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்கலாம்.

மலேசியக் கடைகள் வெளியே போய்ப் பட்டதும் உண்டு. பார்க்சன் 2005இல் வியட்நாமில் தன் முதல் பல்பொருள் அங்காடியைத் திறந்தபோது ஹோ சி மின் நகரத்தில் அது பெரும் கவர்ச்சி. பிறகு வணிக வளாகங்களும் இணையக் கடைகளும் வந்தன. 2023இல் வியட்நாம் பார்க்சன் திவால் மனு போட்டது. மறுபுறம், கோலாலம்பூர் துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையில் 2005இல் ஒரு கடையாகத் தொடங்கிய மிஸ்டர் டி.ஐ.ஒய். தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ் என்று பரவிக்கொண்டே போகிறது. ஆணி, பூட்டு, வாளி, தொடப்பம். இவற்றுக்கு மதமும் இல்லை, பெருநாளும் இல்லை. எளிதில் புண்படக்கூடிய பொருளை விற்காமலே வளர்ந்துவிடுவதும் ஒரு சாமர்த்தியம்தான்.

பெரிய கடைகள் விட்ட இடத்தைப் பிடித்தவர்களில் மைடினை மறக்கக் கூடாது. இந்திய முஸ்லிம் குடும்பம். 1957இல் கோத்தா பாருவில் சிறு கடை. மக்கள் பெரும்பாலும் மலாய்க்காரர்களாக இருந்த கிளந்தானில் தொழில் கற்று, 1989இல்தான் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவுக்கு வந்தார்கள். தலைநகருக்குள் நுழைய 32 ஆண்டு. கார்ஃபூர் நுழைந்ததும் போனதும் அதைவிடக் குறைந்த காலத்தில் முடிந்துவிட்டது. 99 ஸ்பீட்மார்ட் இன்னொரு வகை. கிள்ளானில் 1987இல் சின்ன மளிகைக் கடையாகத் தொடங்கி, வீட்டுக்குப் பக்கத்துக் கடைவரிசையில் ஒரு கடை என்ற கணக்கில் 2,600க்கும் மேற்பட்ட கிளைகளோடு 2024 செப்டம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தது. நிறுவனர் லீ தியாம் வா, இளம்பிள்ளைவாதத்தால் நடக்க முடியாதவர், சிறுவனாகச் சாலையோரத்தில் தின்பண்டம் விற்றவர். பொருளைத் தேடி வாடிக்கையாளர் எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்பது அவர் உடம்புக்குத் தெரிந்த கணக்கு.

வடசிலாங்கூரில் வாடிக்கையாளரும் மாறிவிட்டார். லயங்களிலிருந்த தமிழர்கள் பெரும்பாலும் தாமான் எனப்படும் குடியிருப்புகளுக்கும் பட்டணத்துக் குறைந்த விலை வீடுகளுக்கும் போய்விட்டார்கள். செம்பனைக் குலை வெட்டுவது இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேபாளிகள். அவர்களுக்கும் சம்பள நாள் உண்டு, ஊருக்குப் பணம் அனுப்பும் நாள் உண்டு, தசரா உண்டு, ஈத் உண்டு. கடுகு எண்ணெய், மசூர் பருப்பு, கைப்பேசிக்கு மறுநிரப்பு அட்டை என்று அவர்கள் கேட்பதெல்லாம் வேறு. பேரங்காடிகளின் அடுக்குத் திட்டத்தில் மலாய், சீன, இந்திய என்ற மூன்று பத்திதான் இன்னும் இருக்கிறது. தோட்டத்துப் பக்கத்துக் கடைக்காரர்கள் சிலர் இதற்குள் வங்காளத்தில் விலை சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.